மதியத்துக்கு வேலை தேடுகிறேன்

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மாத வரவைத் தனியாகவும் செலவைத் தனியாகவும் கூட்டி, கடைசியில் இரண்டும் நேராக நின்றால் நிம்மதியாகத் தூங்கப் போகிற ஆள். மாடியில் சோலார் பேனல் மாட்டியபோதும் அதே புத்திதான் ஓடியது. ஒரு பேனல் 400 வாட், எட்டுக்கு 3,200. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கொடுக்கும். எங்கள் வீட்டுச் செலவு நாளைக்கு ஒன்பது, பத்து யூனிட். வரவு அதிகம், செலவு குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் மாதம் முடிந்து மீட்டரைப் பார்த்தால், பேனல் கொடுத்தது தினம் நான்கு யூனிட்கூட இல்லை. மீதி ஆறும் வழக்கம்போல வெளியிலிருந்து வாங்கியது.

பேட்டரி வைக்கவில்லை. அது நானே எடுத்த முடிவு. காற்றோட்டமாக வைக்க இடம் இல்லை, வருடம் போகப் போகக் கொள்ளளவு குறைகிற பொருள், அதற்கு மேல் கொஞ்சம் பிடிவாதமும் உண்டு: வருகிற கரண்டையே ஒழுங்காகச் செலவழிக்கத் தெரியாதவனுக்குச் சேமிப்பு எதற்கு? மிஞ்சுவதை வெளி லைனுக்கு அனுப்பவும் எங்கள் இணைப்பில் வழியில்லை. ஆக, அந்தந்த நொடியில் வீடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் பேனலிலிருந்து வரும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற ஆளிடம், நொடிக்கு நொடி கணக்கை முடி என்று சொன்னதுபோல ஆகிவிட்டது.

சோலார் ஆப்பில் வருகிற உற்பத்தி வரைபடத்தைப் பார்த்தால் வயிறு எரியும். காலையில் கோடு அழகாக ஏறும். ஒன்பது மணிக்கு மேல் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். 300 வாட். மாடியில் கால் வைக்க முடியாத வெயில், கீழே ஒரு ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேனும் என் கம்ப்யூட்டரும். மாலை ஏழு மணிக்கு மேல் வாஷிங் மெஷின், கீசர், இஸ்திரி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அப்போது பேனல்கள் நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அப்ப அந்த மிச்சக் கரண்ட் எங்கடா போகுது?" என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. நானும் முதலில் அது எங்கேயோ வழிந்து வீணாகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கேயும் போவதில்லை. இழுக்க ஆள் இல்லாவிட்டால் அது கரண்டாக வெளியே வருவதே இல்லை, அவ்வளவுதான்.

பேனலின் வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. சுமையே, அதாவது கரண்ட் இழுக்கும் பொருளே, இல்லாதபோது வோல்ட் உச்சத்தில் இருக்கும், ஆம்பியர் பூஜ்யம். இரு முனையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஆம்பியர் உச்சம், வோல்ட் பூஜ்யம். இரண்டு கோடியிலும் பெருக்கினால் ஒன்றும் கிடைக்காது. நடுவில் ஓர் இடத்தில் பெருக்குத்தொகை அதிகமாக இருக்கும். வெயிலும் சூடும் மாற மாற அந்த இடமும் நகரும். பேனல் தரும் டிசி கரண்டை (ஒரே திசையில் ஓடுவது) வீட்டுக்கு வேண்டிய ஏசியாக (திசை மாறி மாறி ஓடுவது) மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். அந்த இடத்தைத் துரத்திப் பிடிப்பதும் அதன் முக்கிய வேலை. வீட்டில் சுமை குறைவாக இருந்தால், அதே இன்வெர்ட்டர் வேண்டுமென்றே அந்த இடத்தை விட்டு விலகி, வோல்ட்டை மேலே ஏற்றி, ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். எடுக்காமல் விட்ட சக்தி பேனலிலேயே சூடாகத் தங்கிவிடும். இந்த வோல்ட் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு அதுதான் கை கொடுத்தது.

வீடு எவ்வளவு இழுக்கிறது என்று இன்வெர்ட்டருக்கு எப்படித் தெரியும்? மெயின் வயரைச் சுற்றி ஒரு வளையம் கவ்விக்கொண்டிருக்கும், சி.டி. கிளாம்ப் என்பார்கள். கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அது சொல்லும். அதன்மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். எங்கள் வீட்டில் அதைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு 300 வாட் வாங்கினால், இன்வெர்ட்டருக்கு 300 வாட் வெளியே போவதாகத் தெரியும். ஐயோ என்று அது உற்பத்தியைக் குறைக்கும். குறைத்தால் வாங்குவது கூடும், இன்னும் குறைக்கும். மூன்று நாள் சுத்தமாகப் பூஜ்யம். போன் செய்தால், "மேகமா இருக்கும் சார்" என்றார்கள். மேகமே இல்லை. வரவையும் செலவையும் கட்டம் மாற்றி எழுதிய கணக்கு ஆயிரம் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. வந்து வளையத்தைத் திருப்பி மாட்டியதும் ஒரே நிமிடத்தில் கோடு ஏறியது.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் இரவில் வீடு சும்மா எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். எங்களுடையதில் ஒரு யூனிட்டுக்கு 3,200 சிமிட்டல் என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு இருட்டில் நின்று எண்ணினேன். எட்டு நொடிக்கு ஒரு சிமிட்டல். கணக்குப் போட்டால் 140 வாட். எல்லோரும் தூங்கும் வீட்டுக்கு 140 வாட் எதற்கு? டிவி பெட்டி, பிரிண்டர், சுவரிலேயே கிடக்கும் சார்ஜர், பழைய ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு மறுபடி எண்ணினால் பன்னிரண்டு நொடி. 94 வாட். பேட்டரி இல்லாத வீட்டில் இரவுச் செலவு முழுக்க முழுக்க வாங்கியது, ஒரு வாட்கூடப் பேனல் தராது. அதனால் பகலுக்கு வேலை தேடும் முன் இரவை ஒல்லியாக்குவது நல்லது.

அடுத்தது, வேலையை நகர்த்துவது. வாஷிங் மெஷின் பதினோரு மணிக்குப் போனது. இதில் துணியைச் சுற்றும் மோட்டார் பெரிதாகச் சாப்பிடாது. தண்ணீரைச் சூடாக்கும் காயில்தான் 2,000 வாட். பச்சைத் தண்ணீரில் துவைக்க வைத்தால் சில நூறு வாட்டில் முடிந்துவிடும். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் பகலுக்கு வந்தது. தொட்டியும் ஒரு பேட்டரிதானே என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. 1,000 லிட்டர் தண்ணீரைப் 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது வெறும் 27 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). மோட்டாரும் குழாயும் தின்பதைச் சேர்த்தாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். மோட்டாரை மதியம் போடுவது நல்ல பழக்கம், ஆனால் வயிறு எரிவது அதனால் அடங்காது. ஃபிரிட்ஜைப் பகலில் கூடுதலாகக் குளிர வைத்தும் பார்த்தேன். அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

டைமர் வைத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்பார்கள். டைமருக்கு மணி தெரியும், மேகம் தெரியாது. இன்னொரு தொல்லை, எல்லா டைமரையும் ஆசையாகப் பன்னிரண்டு மணிக்கே வைத்துவிடுவோம். 3,000 வாட் வரும் நேரத்தில் 4,500 வாட் கேட்டால் 1,500 வாட் வாங்கத்தான் வேண்டும். பிறகு ஒரு மணிக்கு எல்லாம் முடிந்து மறுபடி 300 வாட் தட்டைக் கோடு. மொத்தமாகப் பகலில் செய்தால் போதாது, வரிசையில் நிற்க வைக்க வேண்டும். ஒன்று முடிந்து ஒன்று.

இந்த வரிசை விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது கீசரில்தான். எங்களுடையது 100 லிட்டர் தொட்டி வைத்தது. அந்தத் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் வேண்டும். இதுதான் நான் தேடிய பேட்டரி! நல்ல உறை போட்ட தொட்டியில் மதியம் ஏற்றிய சூடு மறுநாள் காலைவரை பெரும்பாலும் நிற்கிறது. ஃபிரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்து செய்ய முடியாததை இந்த ஒரு தொட்டி செய்யும்.

ஆசை மீறி ஒரு முட்டாள்தனம் செய்தேன். எட்டுப் பேனலும் நான்கு நான்காக இரண்டு வரிசையில் இருக்கின்றன. அதில் ஒரு வரிசையை இன்வெர்ட்டரிலிருந்து முறையாகத் துண்டித்து, நேராகக் கீசருக்குக் கொடுத்தேன். காயில் வெறும் மின்தடைதானே, ஏசியானால் என்ன, டிசியானால் என்ன? காயிலுக்கு ஒன்றும் இல்லைதான். அதற்கு முன்னால் உட்கார்ந்து, போதிய சூடு வந்ததும் கரண்டை வெட்டும் தெர்மோஸ்டாட்டுக்குத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் சூடானதும் வழக்கமாக ஒரு 'டிக்' கேட்கும். அன்று டிக் கேட்டது, கூடவே ஊதா கலந்த வெள்ளையாக ஒரு சின்னத் தீ, இரண்டு உலோக முனைக்கும் நடுவில் அசையாமல் நின்று எரிந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஓடிப்போய்ப் பேனல் சுவிட்சை இறக்கினேன். பார்த்தால் முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன. அதாவது இனி தண்ணீர் எவ்வளவு சூடானாலும் அது கரண்டை வெட்டாது. பூட்டிவிட்டு வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

காரணம் எளிது. ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும், அதனால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானாகச் செத்துவிடும். டிசி பூஜ்யத்தைத் தொடாது, பொறி நின்று எரியும். சாதாரணத் தெர்மோஸ்டாட்டும் சுவிட்சும் ஏசிக்கென்று செய்தவை. யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பொறி பிரச்சினை இல்லாவிட்டாலும் அது நஷ்டக் கணக்குத்தான் என்று பிற்பாடு தாளில் போட்டுப் பார்த்தேன். என் நான்கு பேனல் வரிசை, லேபிள்படி 132 வோல்ட், 12 ஆம்பியர். அதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் 11 ஓம் மின்தடை உள்ள காயில் ஒன்று வைத்தால், உச்சி வெயிலில் மொத்தத்தையும் எடுத்துவிடும். வெயில் பாதியானால் ஆம்பியர் 6. பேனல் இன்னமும் 132 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கிட்டத்தட்ட 800 வாட் தரத் தயார். ஆனால் 11 ஓம் காயிலில் 6 ஆம்பியர் ஓடினால் 66 வோல்ட்தான் நிற்கும். 400 வாட். அரை வெயிலுக்குக் கால் பங்கு சூடு. கால் வெயிலுக்குப் பதினாறில் ஒரு பங்கு. காலையும் மாலையும் மேகமும் சேர்ந்ததுதான் நாள் என்னும்போது இது பெரிய இழப்பு. இன்வெர்ட்டர் நடுவில் உட்கார்ந்து என்ன சம்பாதிக்கிறது என்று அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

ஆக, கீசர் மறுபடி இன்வெர்ட்டர் வழிக்கே திரும்பியது, புதுத் தெர்மோஸ்டாட்டோடு. கூடவே நான் செய்த ஒரு மாற்றம், இந்தப் பதிவிலேயே உருப்படியான யோசனை என்று நான் நினைப்பது: 2,000 வாட் காயிலைக் கழற்றிவிட்டு 1,000 வாட் காயில் போட்டேன். கடைக்காரர் என்னைப் பாவமாகப் பார்த்தார், எல்லோரும் பெரிசாகத்தான் கேட்பார்களாம். சூடாக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டுமே! மூன்றரை யூனிட்டை ஒன்றேமுக்கால் மணியில் அவசரமாக விழுங்குவதற்குப் பதில் மூன்றரை மணி நேரம் நிதானமாகக் குடிக்கிறது. மேகம் வந்து உற்பத்தி 1,400-க்கு இறங்கினாலும் காயிலுக்கும் வீட்டுக்கும் போதும். சூரியன் கொடுக்கிற விதத்துக்கு ஒத்துப்போவது சின்னதாக நீண்ட நேரம் ஓடும் சுமைதான். இண்டக்‌ஷன் அடுப்பு இதற்கு நேர் எதிர். அதில் குறைந்த அளவில் வைத்தால் பல மாடல்கள் உண்மையில் குறைவாக இழுப்பதில்லை. முழு வேகத்தில் சில நொடி, பிறகு சில நொடி ஓய்வு என்று விட்டு விட்டு இழுக்கும். சராசரி 500 வாட்தான், ஆனால் நொடிக் கணக்கில் சராசரிக்கு மரியாதை இல்லை.

அப்புறம், கீசரை எப்போது போடுவது? மிச்சக் கரண்ட் இருக்கும்போது என்பது பதில். ஆனால் எங்கள் வீட்டில் மிச்சம் கண்ணுக்கே தெரியாது. வெளியே அனுப்பும் வீடுகளில் மீட்டரைப் பார்த்தால் இத்தனை வாட் வெளியே போகிறது என்று தெரியும், அதைக் கீசருக்குத் திருப்பிவிடும் கருவிகளும் உண்டு. எங்களுக்கு எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். மேகத்தில் பேனல் திணறிக்கொண்டு கொடுக்கும் 300 வாட்டும், உச்சி வெயிலில் சும்மா படுத்துக்கொண்டு கொடுக்கும் 300 வாட்டும் ஆப்பில் ஒரே கோடு.

இங்கேதான் அந்த வோல்ட். ஆப்பின் உள்பக்கத்தில், யாரும் பார்க்காத ஓர் இடத்தில், பேனல் வரிசையின் டிசி வோல்ட் காட்டும். லேபிளில் 132 என்று இருந்தாலும் அது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. மதிய வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும், வோல்ட் குறையும். எங்கள் மாடியில் முழு மூச்சாக உழைக்கும்போது 118-ஐச் சுற்றி நிற்கும். சுமை இல்லாமல் சும்மா இருந்தால் 135-க்கு மேலே போய்விடும். வோல்ட் ஏறி நிற்கிறது என்றால் எடுக்க ஆள் இல்லாமல் சக்தி காத்திருக்கிறது என்று அர்த்தம். நாட்கணக்கில் வெறித்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்த அன்று, இருப்பு டேலி ஆன சந்தோஷம்.

என் அக்கா மகன் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டில் இதை எழுதிக் கொடுத்தான். 130 வோல்ட்டுக்கு மேல் இரண்டு நிமிடம் நின்றால் கீசரைப் போடு. வெளியிலிருந்து 200 வாட்டுக்கு மேல் ஒரு நிமிடம் வாங்கினால் அணை. முதலில் அந்த 'இரண்டு நிமிடம், ஒரு நிமிடம்' இல்லாமல் எழுதியிருந்தான். மேகத் துண்டுகள் ஓடிய ஒரு நாளில், கீசரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் பல்லி கத்துவதுபோல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. குளிர்ந்த காலைகளில் 130 என்பது சரிவராது, அப்போது உழைக்கும்போதே வோல்ட் அதிகம். அதனால் பத்து மணிக்கு முன் போடாதே என்று இன்னொரு வரி சேர்த்தான்.

கடைசியாகச் செய்தது பேனலைத் திருப்பியது. இன்வெர்ட்டருக்கு இரண்டு உள்வழி இருப்பதால் இரண்டு வரிசையும் ஒரே திசை பார்க்க வேண்டியதில்லை. ஒரு வரிசையை மேற்குப் பார்க்க வைத்தோம். நாள் மொத்த உற்பத்தித் திறன் குறையும். நடுப்பகல் உச்சமும் குறையும். ஆனால் எடுக்க ஆளில்லாத பன்னிரண்டு மணிக் கரண்டை விட்டுக்கொடுத்து, ஆள் இருக்கும் ஐந்து மணிக் கரண்டை வாங்கிக்கொள்கிறோம். இதைச் சொன்னபோது பேனல் மாட்ட வந்தவர், "சார், உற்பத்தி போயிடும்" என்று மூன்று முறை எச்சரித்தார். பயன்படுகிற உற்பத்தி, பயன்படாத உற்பத்தி என்று இரண்டு இருப்பதாக அவருக்கு நான் விளக்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தார் பாவம்.

இடையில் ஒரு நாள் நல்ல மத்தியானம் வெளி லைனில் கரண்ட் போனது, வீடும் சேர்ந்து அணைந்தது. அம்மா மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவ்வளவு வெயில் அடிக்குது, ஃபேன் ஓடலையே?" லைனில் கரண்ட் போனால் இந்த வகை இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் கை வைக்கிறவர் உயிர் அதில் இருக்கிறது. அதுபோக, மேகம் வரும்போதும் மோட்டார் கிளம்பும்போதும் பற்றாக்குறையைச் சத்தமில்லாமல் நிரப்புவது அந்த லைன்தான். பேட்டரி இல்லாத வீடு என்று நான் சொல்லிக்கொள்வதெல்லாம் அதன் தோளில் உட்கார்ந்துகொண்டுதான்.

இப்போது நல்ல நாளில் பேனலிலிருந்து ஆறு, ஆறரை யூனிட் எடுக்கிறோம். வாங்குவது மூன்றுக்குப் பக்கம். பேனல் தரக்கூடியதில் கிட்டத்தட்டப் பாதியை இன்னும் தொடவில்லை, அது வேறு கணக்கு. வீட்டுத் தேவையில் எத்தனை பங்கு சூரியன் கொடுத்தது என்பது ஒன்று. சூரியன் கொடுப்பதில் எத்தனை பங்கை நாம் எடுத்தோம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் நூறாக்கப் பார்த்தால் தூக்கம் போய்விடும். நான் முதலாவதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்கு ஆப் பிடிக்காது. ஆனால் இஸ்திரிப் பெட்டியை எடுக்கும் முன், "வோல்ட் என்னடா?" என்று குரல் கொடுப்பாள். நேற்று 136 என்றேன். இரண்டு சட்டை முடித்திருப்பாள், வெளிச்சம் மங்கியது. சட்டென்று பிளக்கை அணைத்தாள். கனமான துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டியில் இருக்கும் சூட்டிலேயே கைக்குட்டைகளைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். மேகம் விலகியதும் மறுபடி போட்டாள். அந்த ஒரு நிமிடத்தில் மிச்சமானது 17 வாட்-மணிகூட இருக்காது. நான் சொல்லவில்லை.